நுவரெலியாக் குளிரில் மதுவத்தின் கருவுக்குச் சாயமிட்டது

உயர்தர வகுப்பில் இழையுருப்பிரிவு என்றால் வெங்காய வேர்நுனிதான். நசித்து, சாயமிட்டு, நிறமூர்த்தங்களைக் காட்டிவிடலாம். நன்றாகவே தெரியும். ஆனால் "டீச்சர், அது சரியாகப் பிரியாவிட்டால் என்ன நடக்கும்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் வெங்காயம் கைவிட்டுவிடும். அந்தக் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி பேக்கரி ஈஸ்ட்டில் இருந்து வந்தது, அதாவது பாடப்புத்தகத்தின் மதுவத்தில் இருந்து. அதனால் மதுவத்தையே எங்கள் ஆய்வுகூட மேசைக்குக் கொண்டுவந்தேன். பிரியும் கலத்தில் கரு எங்கே இருக்கிறது என்று சாயமிட்டுப் பார்ப்பது, பிறகு விகாரிகளில், அதாவது பரம்பரையலகு மாறிப்போன வகைகளில், அது எங்கே நின்றுபோகிறது என்பதோடு ஒப்பிடுவது. இதுதான் திட்டம்.

எதைக் காண முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறமூர்த்தங்களைப் பிரித்திழுக்கும் கதிர் நுண்குழாய்களால் ஆனது. ஒரு நுண்குழாயின் விட்டம் 25 நனோமீற்றர். ஒளி நுணுக்குக்காட்டி பிரித்துக் காட்டும் எல்லை சுமார் 200 நனோமீற்றர். பாடசாலை நுணுக்குக்காட்டியில் தனி நுண்குழாயை யாரும் பார்க்கப் போவதில்லை. மதுவத்தின் நிறமூர்த்தங்களும் தனித்தனியாகத் தெரியாது. அவை அவ்வளவு சிறியவை. தெரிவது இரண்டே இரண்டு: அரும்பின் அளவு, சாயமேறிய கரு. இந்த இரண்டை வைத்துக்கொண்டே எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு லேலண்ட் ஹார்ட்வெல்லின் வேலை சாட்சி. 1970களின் தொடக்கத்தில் சியாட்டிலில் அவரும் அவருடைய குழுவினரும், வெப்பநிலையை மாற்றியதும் பிரிவின் ஒரே கட்டத்தில் நின்றுபோகும் விகாரிகளைத் தேடிப் பிடித்தார்கள். தாய்க்கலத்தில் முளைத்துப் புதுக்கலமாகும் அரும்பு, பிரிவுச் சக்கரம் முழுவதும் வளர்ந்துகொண்டே போவதால், அதன் அளவைப் பார்த்தே கலம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று சொல்ல முடிந்தது. ஹார்ட்வெல்லுக்கு 2001இல் டிம் ஹண்ட், போல் நர்ஸ் ஆகியோருடன் நோபல் பரிசு கிடைத்தது.

நாங்கள் இருப்பது சுமார் 1,868 மீற்றர் உயரத்தில். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில்தான். மாவு பொங்கவில்லை என்று இங்கே பேக்கரிக்காரர்கள் அலுத்துக்கொள்ளும் இந்தக் குளிர் என் செய்முறைக்குப் பெரிய வசதி. காரணம், நுண்குழாய்களைக் கெடுக்கும் விகாரங்களில் மிகவும் புகழ்பெற்ற சில குளிரில்தான் தங்கள் குணத்தைக் காட்டும். நுண்குழாய் என்பது அல்பா, பீட்டா என்ற இரண்டு டியூபியூலின் புரதங்கள் சோடியாகச் சேர்ந்து அடுக்கிய குழாய். இந்த அடுக்கல் வெதுவெதுப்பில் நன்றாக நடக்கும், குளிரில் தளரும். மாட்டு மூளையில் இருந்து பிரித்தெடுத்த டியூபியூலினைப் பனிக்கட்டியில் வைத்தால் குழாய்கள் கரைந்து துண்டுகளாகிவிடும். அந்தாட்டிக் கடல் மீன்களின் டியூபியூலின் மட்டும் பூச்சியத்துக்குக் கீழேயும் அடுக்கக்கூடியபடி தகவமைந்திருக்கிறது. மதுவத்தின் இயல்பான டியூபியூலின் எங்கள் ஊர்க் குளிரைத் தாங்கும். ஆனால் பரம்பரையலகில் ஓர் எழுத்து மாறி, துண்டுகளுக்கிடையிலான பிடிப்பு சற்றே தளர்ந்துபோனால், 30 பாகையில் சமாளிக்கும் அதே கலம் குளிரில் மாட்டிக்கொள்ளும். டேவிட் பொட்ஸ்டீனின் குழு 1980களில் இப்படிப்பட்ட குளிர் உணர் விகாரிகளைத் தொகுதியாகவே எடுத்தது. பீட்டா டியூபியூலினுக்கு மதுவத்தில் டப்2 என்ற ஒரே பரம்பரையலகுதான். மாற்று இல்லை. அல்பாவுக்கு டப்1, டப்3 என்று இரண்டு. டப்3ஐ நீக்கினாலும் கலம் வாழும், டப்1ஐ நீக்கினால் வாழாது.

எங்களிடம் விகாரி ஒன்றும் இல்லை. அதற்கான ஆய்வுகூடமும் இல்லை. கையில் இருப்பது இயல்பு மதுவம், ஒரு வெதுவெதுப்பான பெட்டி, ஒரு குளிர்ந்த அறை. சரி, இதிலிருந்து தொடங்கலாம்.

வளர்ப்பூடகத்துக்குக் குளுக்கோஸ் தூள் பாமசியில் கிடைக்கும். மதுவச் சாறு என்ற விலைகூடிய பொருளுக்குப் பதிலாக மார்மைட். அது மதுவச் சாறேதான், கூடவே நிறைய உப்பு. 100 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 2 கிராம் குளுக்கோஸ், 1 கிராம் மார்மைட் என்றால் உப்பு பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குக் குறைந்துவிடும். இதைச் சிறு ஜேம் போத்தல்களில் ஊற்றி, மூடியைத் தளர்வாக வைத்து, பிரஷர் குக்கரில் 20 நிமிடம் விட வேண்டும். சாதாரணப் பானையில் கொதிக்கவைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். இந்த உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், நுண்ணுயிர் வித்திகள் அதில் சாகாது. இந்த மலையில் பருப்பு வேகத் தாமதமாவதும் இதனால்தான் என்று சொன்னபோது வகுப்பில் பலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

வெதுவெதுப்புப் பெட்டி மீன் வரும் ரெஜிபோம் பெட்டிதான். உள்ளே ஒரு சிறிய இழைக் குமிழ், கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டிகளுக்கு விற்கும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று, ஒரு வெப்பமானி. 30 பாகையில் நிற்கும். குமிழின் வெளிச்சம் போத்தலில் நேரே படாமல் இடையில் ஒரு தகரத்தை நிறுத்தினேன்.

உலர் ஈஸ்ட்டை நேரே வழுக்கியில் பார்த்தால் கலங்களோடு கொழுப்புத் துணுக்குகளும் மிதக்கும். உலர்த்தும்போது சேர்க்கும் பொருள் அது. அதனால் பக்கெட்டில் இருந்து ஒரு சிட்டிகையை ஊடகத்தில் போட்டு இரவு முழுக்க வளர்த்து, மறுநாள் அதிலிருந்து சில துளிகளைப் புது ஊடகத்துக்கு மாற்றிய பிறகே வேலையைத் தொடங்குவேன். ஆனால் முதல் வழுக்கியைப் பழைய போத்தலில் இருந்தே எடுக்கச் சொல்வேன். சீனி முடிந்து பட்டினியில் கிடக்கும் கலங்கள் அவை. அநேகமாக எல்லாமே அரும்பில்லாத உருண்டைகள். இந்தக் காட்சியைப் பிள்ளைகள் மனதில் பதிக்க வேண்டும், பின்னால் தேவைப்படும்: பட்டினி கிடக்கும் மதுவம் புதிய பிரிவைத் தொடங்காமல் நிற்கிறது.

புது ஊடகத்தில் 30 பாகையில் கொஞ்ச நேரத்தில் அரும்புகள் வரத் தொடங்கும். வளம் நிறைந்த ஊடகத்தில் மதுவம் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். மேசைமேல் குளிரில் வைத்த போத்தலில் அதே காரியத்துக்குப் பல மணி நேரம் போகும். இரண்டில் இருந்தும் வழுக்கி செய்து, அரும்பில்லாதவை, சின்ன அரும்புள்ளவை, பெரிய அரும்புள்ளவை என்று மூன்று நிரலில் எண்ணவைத்தேன். கைபேசியைப் பார்வைத்துண்டுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டால் பொருத்திப் படமெடுத்துக்கொண்டால், ஒரே படத்தை இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி ஒத்துப்பார்க்கலாம். அரும்பு தாயின் பாதியளவுக்கு மேல் போனால் பெரியது என்று ஒரு விதி வைத்துக்கொண்டோம். விதி இல்லாவிட்டால் சண்டை வரும்.

குளிர்ப் போத்தலிலும் மூன்று வகையும் இருந்தன. எங்கும் குவியவில்லை. எல்லாம் மெதுவாக நடந்தது, அவ்வளவுதான். முழுச் செய்முறையின் உயிர்நாடி இதுதான் என்று நான் நினைக்கிறேன். மெதுவாகப் போவது வேறு, ஓரிடத்தில் சிக்கிக்கொள்வது வேறு. டப்2 குளிர் உணர் விகாரியை இதே மேசையில் வைத்திருந்தால், சில மணி நேரத்தில் பெரும்பாலான கலங்கள் பெரிய அரும்போடு நின்றிருக்கும். வளர்ச்சி நின்றதால் அல்ல. அரும்பு வளர்ந்துவிட்டது, நிறமூர்த்தங்களும் இரட்டித்துவிட்டன. அவற்றை இரண்டு பக்கமும் பிரித்தெடுக்கும் கதிர் மட்டும் உருவாகவில்லை. பட்டினியில் நின்ற கலமும் கதிர் இல்லாமல் நின்ற கலமும் இரண்டுமே "வளராத" கலங்கள்தான். எங்கே நிற்கின்றன என்பதே காரணத்தைச் சொல்கிறது.

இனிக் கருவுக்கு வருவோம். சாயமிடாமல் மதுவத்தின் கருவைக் காண முடியாது. நடுவில் தெளிவாகத் தெரியும் பெரிய வட்டம் புன்வெற்றிடம், அதைக் கரு என்று வரைந்துவைக்காத பிள்ளை குறைவு. ஜீம்சா சாயத்தால் மதுவக் கருவைக் காட்டும் முறையைப் பல ஆண்டுகள் செம்மைப்படுத்தியவர் கார்ல் ரொபினோ. ஜீம்சா மலேரியாப் பரிசோதனைக்கு இரத்தப் பூச்சில் போடும் அதே சாயம். ஆய்வுகூடமொன்றில் வேலை செய்யும் பழைய மாணவி ஒருத்தி சிறு போத்தலில் தந்தாள்.

மூடித்துண்டில் முட்டை வெள்ளைக்கருவை விரல்நுனியால் மிக மிக மெல்லிதாகத் தடவி, அதன்மேல் ஒரு துளி வளர்ப்பைப் பரப்ப வேண்டும். முற்றாகக் காய்வதற்கு முன், மூன்று பங்கு எதனோலும் ஒரு பங்கு தூய அசற்றிக்கமிலமும் கலந்த நிலைப்படுத்தியில் இறக்கிவிட வேண்டும். வெள்ளைக்கரு உறைந்து கலங்களைப் பிடித்துக்கொள்ளும். பிறகு 70 வீத எதனோலில் கழுவல். அப்புறம் 60 பாகையில் வைத்த 1 வீத உப்புக் கரைசலில் ஒரு மணி நேரம். இது ஆர்என்ஏயை வெளியேற்றத்தான். மதுவத்தின் குழியவுருவில் அது நிரம்பிக் கிடக்கும், ஜீம்சா அதையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். பிள்ளைகள் நம்பவேண்டும் என்பதற்காக ஒரு மூடித்துண்டை வேண்டுமென்றே இந்தப் படியைத் தாண்டவைத்தேன். அது முழுக்க முழுக்க நீலமாக வந்தது, கருவும் இல்லை ஒன்றும் இல்லை.

அடுத்தது 1 நோர்மல் ஐதரோகுளோரிக் அமிலம், அதே 60 பாகையில் 10 நிமிடம். அடர் அமிலத்தை ஏறத்தாழ 12 மடங்கு ஐதாக்கினால் இந்தச் செறிவு வரும். தண்ணீருக்குள்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மறுபுறமாக அல்ல. இந்தப் படியை நான் மட்டுமே செய்வேன். கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் எல்லாம் வேண்டும். வெளியே மூடுபனி உள்ளே வந்தாலும் ஜன்னல் திறந்தே இருக்கும். அமிலத்தை நன்றாகக் கழுவி, பீஎச் 6.8 தாங்கற் கரைசலில் அலசி, அதே கரைசலில் ஐதாக்கிய ஜீம்சாவில் விட்டுவிடலாம். கழுவல் குறைந்தால் எல்லாம் வெளிறிய இளஞ்சிவப்பாகும். 60 பாகைத் தண்ணீருக்கு வெந்நீர் பிளாஸ்க், வாளி, வெப்பமானி போதும். ஆறினால் கொஞ்சம் கொஞ்சமாக வெந்நீர் சேர்க்கலாம்.

எண்ணெய் அமிழ்வு வில்லையில், 1000 மடங்கில், வெளிறிய கலத்துக்குள் ஊதாச் சிவப்பில் ஒரு பொட்டு. சின்ன அரும்புள்ள கலங்களில் அது தாயின் உடலில் எங்காவது இருக்கும். அரும்பு வளர வளரக் கழுத்துப் பக்கம் நகர்ந்து வரும். கழுத்துக்குள் நீண்டு, பாதி இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் என்று மாட்டிக்கொண்டிருக்கும் கரு அபூர்வம். நிறமூர்த்தங்கள் விலகும் கட்டம் குறுகியது, அதைப் பிடிக்க நிறையக் கலங்களைத் தேட வேண்டும். பெரிய அரும்புள்ள மற்றவற்றில் இரண்டு பொட்டு, ஆளுக்கொன்று. வெங்காயத்தில் மறைவது போல மதுவத்தில் கருவுறை மறைவதில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மதுவத்தில் கதிர் கருவுக்குள்ளேயே உருவாகி, உறையையும் சேர்த்தே இழுத்து நீட்டுகிறது. பிரிவுக்கு முன் 2 மைக்ரோமீற்றர் அளவில் இருக்கும் கதிர், விலகல் முடியும்போது 8 முதல் 10 மைக்ரோமீற்றர் வரை நீளும்.

கையில் இல்லாத விகாரிகளுக்காகக் கடதாசி அட்டைகள் செய்தேன். ஒவ்வோர் அட்டையிலும் சில கலங்கள், கருவின் நிலை மட்டும் ஊதா நிறத்தில். பெயர் பின்பக்கம். பிள்ளைகள் தங்கள் வழுக்கியை ஒப்பிட்டு, என்ன கெட்டுப்போயிருக்கும் என்று ஊகிக்க வேண்டும்.

முதல் அட்டை சுலபம். எல்லாமே பெரிய அரும்பு, தாயில் ஒரே கரு. கதிர் இல்லை. டப்2 விகாரி குளிரில்.

இரண்டாவது அட்டையில் தாய்க்குள் இரண்டு கரு, அரும்பு வெறுமை. பலர் இதைக் கதிர் கெட்டது என்றார்கள். ஒரு பையன் மட்டும், "கரு பிரிஞ்சிருக்கே டீச்சர், அப்ப கதிர் வேலை செஞ்சிருக்கு, திசைதான் பிழை" என்றான். அதேதான். கருவுக்குள் இருக்கும் நுண்குழாய்கள் நிறமூர்த்தங்களைப் பிரிக்கின்றன. கருவுக்கு வெளியே குழியவுருவில் இருப்பவை கருவை இழுத்துக் கழுத்துக்கு நேரே நிறுத்துகின்றன. டப்2-401 என்ற விகாரியில் வெளிக்குழாய்கள் மட்டும் இல்லாமல் போகும், கதிர் தாய்க்குள்ளேயே நீளும். 1992இல் சலிவனும் ஹஃபேக்கரும் இந்த விகாரியை வைத்து, கதிர் நீள்வதற்கு வெளிக்குழாய்கள் தேவையில்லை என்று காட்டினார்கள். ஒரே பரம்பரையலகின் வெவ்வேறு விகாரங்கள் வெவ்வேறு வேலைகளைக் கெடுப்பது எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம். பரம்பரையலகை முழுதாக நீக்கியிருந்தால் கலம் செத்துப்போயிருக்கும், ஒன்றும் தெரிந்திருக்காது.

மூன்றாவது அட்டையில் ஒரு பக்கம் பெரிய கரு, மறுபக்கம் ஒன்றுமே இல்லை, ஆனால் கலம் பிரிந்துவிட்டது. என்டிசி1 விகாரி. இதுவும் குளிரில்தான். கதிரின் இரண்டு முனைகளில் ஒன்று கருவுறையில் சரியாகப் பதியாமல், எல்லா நிறமூர்த்தங்களும் மற்ற முனையோடு போய்விடும்.

நான்காவது அட்டைதான் கடினம். கலங்கள் நிற்கவில்லை, பிரிந்துகொண்டே இருக்கின்றன, கருக்கள் சமமில்லை. இதை விளக்க ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். ஒருமடிய மதுவத்தில், அதாவது நிறமூர்த்தத் தொகுதி ஒன்றே உள்ள வகையில், 16 நிறமூர்த்தங்கள். நிறமூர்த்தம் ஒவ்வொன்றையும் பிடிப்பது ஒரே ஒரு நுண்குழாய். மனிதக் கலத்தில் ஒவ்வொன்றுக்கும் பல நுண்குழாய்கள் உண்டு, ஒன்று நழுவினால் மற்றவை தாங்கும். மதுவத்தில் நழுவினால் நழுவியதுதான். பிடிக்கும் இடமும் சிறியது: மையப்பாத்து டிஎன்ஏயில் சுமார் 125 காரச் சோடிகள் மட்டுமே, அதில் ஒரு முக்கிய இடத்தில் ஓர் எழுத்து மாறினாலே பிடிப்பு இல்லாமல் போகும். இவ்வளவு நூலிழையில் நடக்கும் காரியத்துக்குக் காவல் வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்குத் தோட்டத்து லொறியைச் சொன்னேன்: கடைசிக் கொழுந்துச் சாக்கு ஏறும்வரை லொறி நகராது. பிடிபடாத ஒரு நிறமூர்த்தம் இருந்தாலும் மேட்2 முதலான புரதங்கள், பிரிவை முன்தள்ளும் சிடிசி20 என்ற புரதத்தை மடக்கிவைத்து, சகோதர நிறவுருக்களை (இரட்டித்த நிறமூர்த்தத்தின் இரண்டு பிரதிகளை) சேர்த்துக் கட்டியிருக்கும் வளையம் வெட்டப்படாமல் பார்த்துக்கொள்ளும். மேட், பப் பரம்பரையலகுகளில் விகாரம் வந்தால் லொறி சாக்கை விட்டுவிட்டுப் போய்விடும். நான்காவது அட்டை அதுதான்.

அவற்றைக் கண்டுபிடித்த விதம் அழகானது. பெனோமில் என்ற பூசணக்கொல்லி மதுவத்தின் டியூபியூலினைத் தாக்கும். குறைந்த அளவில் கொடுத்தால் இயல்பு மதுவம் காத்திருந்து, கதிரைச் சரிசெய்துகொண்டு பிழைக்கும். காத்திருக்கத் தெரியாதவை அவசரப்பட்டுப் பிரிந்து செத்துப்போகும். அப்படிச் சாகிறவற்றைத் தேடி 1991இல் லியும் மரேயும் மேட் பரம்பரையலகுகளையும், ஹொய்ட்டின் குழு பப் பரம்பரையலகுகளையும் பிடித்தார்கள். இவற்றின் உறவுகள் மனிதரிலும் உள்ளன. அவற்றில் ஒன்றான பப்1பி கெட்டுப்போன குடும்பங்களில், பல கலங்களில் நிறமூர்த்த எண்ணிக்கை தாறுமாறாகிப் புற்றுநோய் அபாயம் கூடும் ஒரு நோய் இருப்பது 2004இல் தெரியவந்தது.

பூசணக்கொல்லி என்றதும், மரக்கறித் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை ஒன்று வீட்டில் இருந்து கொண்டுவரவா என்று கேட்டது. வேண்டாம் என்றேன். பெனோமிலும் அதன் விளைபொருளான காபென்டசிமும் நமது கலங்களுக்கும் இனப்பெருக்கத்துக்கும் நல்லதல்ல, பாடசாலை மேசையில் அவற்றுக்கு இடமில்லை. இன்னொன்று கார்த்திகைக் கிழங்கைக் கேட்டது. அதில் உள்ள கொல்சிசின் நுண்குழாய்களைக் கலைப்பது உண்மைதான். ஆனால் மதுவத்தின் டியூபியூலின் அதற்கு அவ்வளவாக மசியாது. அதோடு அந்தக் கிழங்கு உயிரைக் குடிக்கும் நஞ்சு. இரண்டு காரணமும் போதும். பூச்சி மாத்திரையைப் பற்றி மட்டும் நானே சொன்னேன்: பாடசாலையில் விழுங்கும் மெபென்டசோல், அல்பென்டசோல் இரண்டும் பெனோமிலின் உறவுக்காரர்கள், புழுவின் பீட்டா டியூபியூலினைப் பிடிப்பவை. மதுவத்தின் பீட்டா டியூபியூலினில் 241ஆம் இடத்தில் உள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் ஹிஸ்டிடினாக மாறினால் பெனோமில் வலுவிழந்துவிடும். புழுக்களில் இதே புரதத்தின் 200ஆம் இடத்து மாற்றம் மருந்தைத் தோற்கடிக்கிறது.

பேக்கரி ஈஸ்ட்டில் 16 நிறமூர்த்தம் என்று பிள்ளைகள் எழுதிவைத்திருந்தால் திருத்த வேண்டும். வணிக ஈஸ்ட்டுகள் பெரும்பாலும் பன்மடியமானவை, சிலவற்றில் எண்ணிக்கை சமமாகவும் இருப்பதில்லை. ஆய்வுகூட ஒருமடிய வகைக்குத்தான் 16. ஆனால் கரு பெரிதாக இருப்பதால் பேக்கரி வகை சாயமிடுவதற்கு வசதி.

அடுத்ததாகக் கதிரையே காண ஆசை. 1966இல் ரொபினோவும் மராக்கும் அமில பியூக்சின் சாயமிட்டு, மதுவக் கருவுக்குள் கதிரை ஒரு மெல்லிய கோடாக ஒளி நுணுக்குக்காட்டியிலேயே காட்டினார்கள்; நுண்குழாய்கள் கட்டாகச் சேர்ந்து கிடப்பதால் அது முடிகிறது. நானும் போட்டுப் பார்த்தேன். பெரிய அரும்புள்ள ஓரிரு கலங்களில் ஏதோ கோடு மாதிரித் தெரிந்தது, ஆனால் அதைக் கதிர் என்று வகுப்பில் காட்டும் துணிவு எனக்கு வரவில்லை. எங்கள் எண்ணெய் வில்லையின் ஓரத்தில் ஒரு கீறல் இருக்கிறது, கோடுகளை அது தாராளமாகவே வழங்கும். நல்ல வில்லை உள்ள யாராவது செய்து பார்க்கலாம். வளர்ப்பு வேகமாக இரட்டிக்கும் நேரத்தில், 30 பாகைப் பெட்டியில் இருந்து எடுங்கள். பழைய போத்தலில் கதிர் தேடுவது வீண். மிஞ்சிய அமிலத்தை அப்பச்சோடாவால் நுரை அடங்கும்வரை நடுநிலையாக்கி, நிறையத் தண்ணீரோடு ஊற்றிவிடலாம்.